பிளேஸ்டேஷன் 5 வாங்கப் போகிறோம்: டிஸ்க் போடும் மாடலா, டிஜிட்டல் மாடலா?

மார்த்தாண்டம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பிளேஸ்டேஷன் 4 கேம் கருவி இருக்கிறது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்த டிஸ்க்குகளும், நாகர்கோவிலில் பழைய டிஸ்க் மாற்றித் தரும் கடைகளில் நான் எடுத்தவையுமாக அலமாரியில் ஒரு தட்டு நிறைந்திருக்கிறது. வரும் ஓணத்துக்குள் பிளேஸ்டேஷன் 5 வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

குழப்பம் எந்த மாடல் என்பதில்தான். 2024 ஏப்ரலில் அதன் மெலிந்த வடிவமான ஸ்லிம் மாடல் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய் என்று விலை வைத்தார்கள். பத்தாயிரம் ரூபாய் என்பது எங்களுக்குச் சிறிய தொகையில்லை. நான் விசாரித்த ஒரு கடையில், "இனிமேல் டிஸ்க் எல்லாம் பழைய காலம், எல்லோரும் டவுன்லோட் செய்துதான் விளையாடுகிறார்கள்" என்று சொல்லி டிஜிட்டல் மாடலையே எடுக்கச் சொன்னார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கும் பொருள் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதே சமயம், இப்போது வரும் டிஸ்க்குகளில் முழு கேமே இருப்பதில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் எதற்காக அந்தப் பத்தாயிரத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நம் மாவட்டத்து மழையில் டிஸ்க்குகள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வடசேரி டிஸ்க் கடைக்காரர்

தம்பி, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் பெரும்பாலும் எல்லாமே டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-இல் ஓடும். டிஜிட்டல் மாடலை எடுத்தால் அந்தத் தட்டு முழுவதும் ஒரே நாளில் பயனற்றுப் போகும். அதே கேம்களை மறுபடியும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். உங்களிடம் கடையில் பேசியவர் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலேயே டிஜிட்டல் மாடலை எடுக்கச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்லிம் மாடலுக்கு டிஸ்க் டிரைவைப் பிற்பாடு தனியாக வாங்கியும் பொருத்தலாம். ஆனால் முதன்முறை பொருத்தும்போது இணையத்தில் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது மறுவிற்பனை. பழைய டிஸ்க்குகளை வாங்கி விற்பதே என் தொழில் என்பதால் என் பேச்சில் சார்பு இருக்கும் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 4,999 ரூபாய் கொடுத்து ஒரு புதிய டிஸ்க் வாங்கி, கதையை முடித்துவிட்டு, மவுசு குறைவதற்குள் மூவாயிரத்துக்கு விற்றுவிட்டால், அந்த கேமுக்கு உங்களுக்கு ஆன செலவு இரண்டாயிரம்தான். டவுன்லோட் செய்த கேமை முடித்த பின்பு அதை ஒருவருக்கும் விற்க முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. ஆண்டுக்கு நான்கைந்து பெரிய கேம்களை இப்படி மாற்றி எடுப்பவருக்கு அந்தப் பத்தாயிரம் வெகு விரைவில் திரும்பிவிடும். ஆண்டு முழுவதும் ஒரே கால்பந்து கேமை மட்டும் விளையாடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. மலையோரத்திலிருந்து வரும் டிஸ்க்குகளில் வெண்ணிறப் பூஞ்சை படிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் டிஸ்க்கை விடக் கருவிக்குத்தான் ஆபத்து அதிகம். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் இணைப்புகள் துருப்பிடிக்கின்றன. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு டிஸ்க்குகளை நிமிர்த்தி வைத்து, பை நனைந்து போனால் மாற்றிக்கொண்டே வந்தால் பூஞ்சை வராது. துடைக்கும்போது மென்மையான உலர்ந்த துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது.

பற்பசை தேய்ப்பது, மெஷினில் பாலிஷ் போடுவது ஆகியவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பிளேஸ்டேஷன் 2 காலத்து டிவிடியில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. அதனால் மேலே கொஞ்சம் தேய்த்தாலும் பிழைத்தது. இப்போதைய புளூரே டிஸ்க்கில் அந்த அடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. மேலே கடினமான பூச்சு இருப்பதால் சாதாரணக் கீறல் எளிதில் விழாது. ஆனால் அதையும் மீறி ஆழமான கீறல் விழுந்துவிட்டால் எந்தப் பாலிஷாலும் மீட்க முடியாது. பழைய டிஸ்க் வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "ஐந்தாயிரம் ரூபாய் கேம் அறுநூறு ரூபாய்க்கு" என்று சொல்லி யாரோ ஒருவருடைய அக்கவுண்ட் விவரத்தைக் கொடுத்து விற்கிறார்கள். அந்த அக்கவுண்ட்டின் உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாலோ நிறுவனம் அதை முடக்கிவிட்டாலோ உங்கள் பணம் போனது போனதுதான். டிஸ்க்காகவும் சேராத, முறையான டிஜிட்டல் கேமாகவும் சேராத அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குலசேகரம் மலையோரம்

அண்ணாச்சி சொன்ன பூஞ்சைக் கதை எங்கள் பக்கத்தில் அன்றாட நிகழ்ச்சி. பேச்சிப்பாறை போகும் சாலையில் உள்ளே தள்ளி எங்கள் வீடு. ரப்பர் மரங்களுக்கு நடுவே சுவரே வியர்க்கும் ஊர். அப்படியிருந்தும் நான் டிஸ்க் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் இணைய வேகம்.

இப்போதைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரை, சில அதற்கும் மேலே போகின்றன. விநாடிக்கு 40 மெகாபிட் வேகம் ஒரு நொடியும் குறையாமல் கிடைத்தாலே 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். எங்கள் பக்கத்தில் ஃபைபர் கம்பி மரங்களுக்கிடையே தொங்கிக்கொண்டு வருகிறது. காற்றடித்து ஒரு கிளை விழுந்தால் அன்றைக்கு இணையம் இல்லை. சரிசெய்ய ஆள் வரும்வரை மொபைல் சிக்னலை நம்பித்தான் இருக்க வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் வந்து போன பின்பு மலையோரத்தில் மின்சாரமும் தகவல் தொடர்பும் எத்தனை நாட்கள் இல்லாமல் கிடந்தன என்பது இந்த மாவட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அது அரிதான பேரிடர் என்பது உண்மை. ஆனால் அதன் சிறிய வடிவம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்களுக்கு வருகிறது.

ஆனால் டிஸ்க் வாங்கினால் டவுன்லோடே இல்லை என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள். 2022-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் ஏறக்குறைய 70 எம்பி அளவுக்குத்தான் தகவல் இருந்தது. மீதி முழுவதையும் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-க்கான டிஸ்க்கில் 100 ஜிபி வரை பதிய இடமிருந்தும் இப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மலையோரத்தில் இருக்கும் ஒருவன் முழு விலை கொடுத்து, பேருந்து ஏறி நாகர்கோவில் போய், பளபளப்பான உறைக்குள் ஒரு வெறும் தட்டை வாங்கி வருகிறான். இது வாங்குபவரை மதிக்காத செயல்.

முழு கேமும் டிஸ்க்கில் இருந்தாலும் அது பெட்டியில் அடைத்த நாளின் நிலையில்தான் இருக்கும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியானபோது பிளேஸ்டேஷன் 4-இல் அது படுத்திய பாட்டைப் பார்த்து பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியே தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் மீண்டும் வைத்தது. அன்று வந்த டிஸ்க்கை அப்டேட் இல்லாமல் இன்று போட்டால் அதே பிழைகளோடுதான் ஓடும்.

ஒரு நடைமுறை யோசனை. டவுன்லோட் செய்த பிளேஸ்டேஷன் 5 கேமை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தி வைக்கலாம். அங்கிருந்து நேரடியாக விளையாட முடியாது; ஆனால் வேண்டும்போது உள்ளே திரும்ப நகர்த்தினால் போதும், மறுபடி 100 ஜிபியை இறக்க வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் 4 கேம்களை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே விளையாடலாம். நல்ல இணையம் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கருவியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதும் எங்கள் பக்கத்தில் வழக்கம்.

கோணம் நிரலாளர்

கேள்வி கேட்ட நண்பர் "பொருள் கையில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். கையில் இருப்பது மட்டும் போதுமா என்பதை விரிவாகப் பேச வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதில் சற்று நீளமாகிறது.

டிஜிட்டலாக வாங்கும்போது நாம் பெறுவது கேம் அன்று, அதை விளையாடும் அனுமதி. குத்தகைக்கு எடுத்த ரப்பர் தோட்டத்தில் நாம் பால் வெட்டலாம், வருமானம் பார்க்கலாம். பட்டா வேறொருவர் பெயரில்தான் இருக்கும். இதை நிறுவனங்கள் மறைக்கவும் இல்லை. நீண்ட ஒப்பந்தத்தின் நடுவில் எழுதித்தான் வைத்திருந்தன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றி, டிஜிட்டலாக விற்பவர்கள் தாங்கள் தருவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆக்கியது. அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் அந்த அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. அதே 2024-இல், ஸ்டீம் அக்கவுண்ட்டை உயில் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று அந்நிறுவனத்தின் உதவிப் பிரிவு அளித்த பதிலும் வெளியே வந்தது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த கேம்கள் சேர்த்தவரின் காலத்தோடு முறைப்படி முடிந்துவிடுகின்றன.

கடையை மூடும்போது என்ன ஆகிறது என்பதையும் நாம் கண்டுவிட்டோம். நின்டெண்டோவின் வீ கருவிக்கான இணையக் கடை 2019 ஜனவரி 30-இல் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான கடை 2024 ஜூலை 29-இல் மூடியது. 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கருவிகளுக்கான கடைகளையும் மூடப் போவதாக சோனி அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பின்பு ஏப்ரலில் அந்த முடிவைக் கைவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தங்கள் கேமை மறுபடி இறக்கிக்கொள்ள இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் இடம் கொடுத்திருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதுவும் அவர்கள் விருப்பப்படும்வரைதான். 2014-இல் இலவசமாக வெளியான 'பி.டி.' என்ற திகில் கேமை 2015-இல் கடையிலிருந்து எடுத்தபோது, முன்பு இறக்கியவர்களுக்கும் மறுபடி இறக்கும் வழி அடைக்கப்பட்டது. கருவியிலேயே அதை அழிக்காமல் வைத்திருந்தவர்களிடம் மட்டுமே அது மிஞ்சியது.

பாட்டு, கார் முதலியவற்றின் உரிமங்கள் முடிவதால் விற்பனையிலிருந்து மறையும் கேம்கள் வேறு. 'ஆலன் வேக்' பாடல் உரிமங்களால் 2017 மே மாதம் விலக்கப்பட்டு 2018 அக்டோபரில் திரும்பி வந்தது. 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. இப்படி மறைந்து திரும்பி வராதவற்றை இன்று புதிதாகத் தேடுபவருக்குப் பழைய டிஸ்க்கே வழி. அண்ணாச்சியின் கடை போன்ற கடைகள் அந்த வகையில் செய்வது பெரிய பணி என்று நான் மனதார நினைக்கிறேன்.

இனி மறுபக்கம். டிஸ்க் கையில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலைக்கு எடுத்துக்காட்டு 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் வெளியிட்ட கார்ப் பந்தய கேம் அது. தனியாக விளையாடும் பகுதிக்கும் சர்வர் இணைப்பு கட்டாயமாக இருந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து உலகில் உள்ள அதன் டிஸ்க்குகள் எல்லாம் வெறும் தட்டுகள்தான். இதைப் பார்த்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஆதரவை நிறுத்தினாலும் விற்ற கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான குடிமக்கள் மனுவில் 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் வந்த 'கான்கார்ட்' இரண்டே வாரங்களில் நிறுத்தப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் அதன் டிஸ்க்கை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

டிஸ்க்கைப் படிக்கும் கருவியும் அனுமதி கேட்கலாம். பிளேஸ்டேஷன் 4-க்குள் கடிகாரத்தை ஓட்ட ஒரு சிறிய பட்டன் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்து போனால் கருவி சரியான நேரத்தை சோனியின் சர்வரிடம் கேட்கும். சர்வர் கிடைக்காவிட்டால் டிஸ்க் கேமும் ஓடாது என்ற நிலை முதலில் இருந்தது. பரிசுக் கோப்பைகளின் தேதியைப் பாதுகாக்கச் செய்த ஏற்பாட்டின் பக்கவிளைவு அது. ஆர்வலர்கள் விடாமல் எடுத்துச் சொன்ன பின்பு, 2021 செப்டம்பரில் வந்த 9.00 பதிப்பு மென்பொருளில் அது சரிசெய்யப்பட்டது. நண்பர் தன் பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ விற்காமல் வைத்திருந்தால், அதை ஒருமுறை அந்தப் பதிப்புக்கு மேல் அப்டேட் செய்துவிட வேண்டும்.

ஆகவே, டிஸ்க்கா டிஜிட்டலா என்று முழுமொத்தமாகக் கேட்பதை விட, ஒவ்வொரு கேமைப் பற்றியும், "இதை இன்னொருவரின் அனுமதி இல்லாமல் பத்து ஆண்டுகள் கழித்து என்னால் ஓட்ட முடியுமா?" என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இணையம் இல்லாமல் ஓடும் முழு டிஸ்க் அந்தத் தேர்வில் வெல்கிறது. கணினியில் விளையாடுவோருக்கு ஜிஓஜி என்ற கடை 2008 முதல் பூட்டில்லாத கேம்களை விற்கிறது. நிறுவும் கோப்பை நம் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துக்கொண்டால் அந்தக் கடையே இல்லாமல் போனாலும் விளையாடலாம். டிஸ்க்கே இல்லாத அந்த டிஜிட்டல் கேமும் இத்தேர்வில் வெல்கிறது, சர்வரை நம்பிய டிஸ்க் தோற்கிறது.

பாதுகாப்பு என்ற பெரிய பொருளையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் நூல்களின் பிரதி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். கேம்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நூலகம் செய்ய வேண்டிய வேலையை இப்போது தனியார் அலமாரிகள் செய்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஒரு தட்டு டிஸ்க்குகளும் அதில் சேர்ந்தவையே. அவற்றைக் குப்பை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தக்கலை ஆசிரியை

தம்பிகள் எழுதியவற்றில் பலவற்றை ஏற்கிறேன். ஆனால் எல்லோரும் தனியாக விளையாடுபவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சிறுவர்கள் கையில் டிஸ்க் படும் பாடு தனி. உறைக்குள் வேறு டிஸ்க், டிஸ்க் தரையில், ஒன்று நண்பன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. பிள்ளைகள் தினமும் விளையாடும் கேமை டவுன்லோடாக வாங்கி வைத்ததிலிருந்து வீட்டில் அந்தச் சண்டை நின்றிருக்கிறது. கருவியைப் பகிர்ந்து விளையாடும் அமைப்பைச் செயல்படுத்திவிட்டால், ஒருவர் அக்கவுண்ட்டில் வாங்கிய கேமை அதே கருவியில் மற்ற பிள்ளையும் தன் அக்கவுண்ட்டில் விளையாடலாம். இணையம் போனாலும் அது ஓடும்.

விலையைப் பற்றி அண்ணாச்சி சொன்னது புதிதாக வரும் பெரிய கேம்களுக்குச் சரி. ஓராண்டு பொறுத்திருக்கத் தெரிந்த குடும்பத்துக்கு இணையக் கடையின் தள்ளுபடி விலை பழைய டிஸ்க் விலையை விடக் குறைவாகவே பல நேரங்களில் அமைகிறது. எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. சோனியின் கடையில் ஒரு கேமை வாங்கி டவுன்லோடைத் தொடங்கிவிட்டால், கேமில் குறை இருந்தாலன்றிப் பணம் திரும்பக் கிடைக்காது. தொடங்காமல் இருந்தால் 14 நாட்களுக்குள் கேட்கலாம். கணினியில் ஸ்டீம் கடையோ இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடி, 14 நாட்களுக்குள் கேட்டால் பணத்தைத் தருகிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பணம் செலுத்தக் கடவுச்சொல் கேட்கும்படி கட்டாயம் அமைத்துவிடுங்கள். அட்டை விவரத்தைச் சேமிக்காமல் வைப்பது இன்னும் நல்லது.

உயில் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் கனத்தது. நான் வாங்கும் புத்தகங்கள் என் பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் இவ்வளவு ஆசையோடு விளையாடும் கேம்கள் அவர்கள் பிள்ளைகளுக்குப் போகாது என்பது நியாயமாகத் தெரியவில்லை. எனவே, அவர்கள் உண்மையாகவே நேசிக்கும் கதை கேம்களை மட்டும் டிஸ்க்காக வாங்கித் தருவது என்று நானும் இன்று முடிவு செய்திருக்கிறேன்.

வடசேரி டிஸ்க் கடைக்காரர்

டீச்சர் சொன்ன தள்ளுபடி விலை உண்மைதான், அதை நானும் மறுக்கவில்லை. பழைய கேம்களை வாங்க வருபவர்களிடம், இணையக் கடையில் விலையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றே சொல்கிறேன். டிஜிட்டல் மாடலை எடுத்தவருக்கு அந்த ஒப்பீடே இல்லாமல் போகிறது. ஒரே கடை, அவர்கள் வைத்ததே விலை. டிஸ்க் போடும் மாடல் எடுத்தவர் டீச்சரைப் போல இரண்டையும் பார்த்து வாங்கலாம். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் புதிய கருவியிலும் ஓடும் என்ற ஒன்றே எனக்குப் போதுமான காரணம். டிஸ்க் போடும் மாடலையே எடுக்கிறேன். அண்ணனிடமும் பேசிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒரு டிஸ்க்கில் முழு கேமும் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே அறிய வழி உண்டா? அண்ணன் மஸ்கட்டிலிருந்து வாங்கி வரும் டிஸ்க்குகளால் இங்கே ஏதாவது சிக்கல் வருமா? அவர் இந்த முறை எங்கள் தங்கை மகனுக்காக நின்டெண்டோ ஸ்விட்ச் 2-உம் வாங்கி வரப் போகிறார்.

கோணம் நிரலாளர்

முதல் கேள்விக்கு: உறையின் முன்பக்கத்திலோ பின்பக்கத்து அடியிலோ, இணையம் தேவை அல்லது டவுன்லோட் தேவை என்று சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'டஸ் இட் பிளே' என்ற ஆர்வலர் குழு ஒவ்வொரு டிஸ்க்கையும் இணையத்தைத் துண்டித்து ஓட்டிப் பார்த்து முடிவைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. வாங்கும் முன்பு அங்கே பெயரைத் தேடினால் பெரும்பாலும் விடை கிடைக்கும். வாங்கிய பின்பு நீங்களும் சோதிக்கலாம். இணையத்தை அணைத்துவிட்டு டிஸ்க்கிலிருந்து நிறுவி, கதையின் தொடக்கத்தைத் தாண்டி விளையாடிப் பாருங்கள். அப்படி ஓடினால் அந்த டிஸ்க் உங்களுடையது.

மஸ்கட் டிஸ்க்குகள் இங்கே தடையின்றி ஓடும், ஏனெனில் பிளேஸ்டேஷன் 4, 5 கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. சிக்கல், கேமுக்கு இணையக் கடையில் தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதிகளில்தான். டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்காக அச்சிடப்பட்டதோ அந்தப் பிராந்தியத்தின் கடையில் வாங்கிய கூடுதல் பகுதிதான் அதனோடு சேரும். இந்திய அக்கவுண்ட்டில் வாங்கியது சேராமல் போகலாம். பின்னாளில் கூடுதல் கதை வரக்கூடிய கேம் என்றால் டிஸ்க்கை இங்கேயே வாங்குவது நல்லது.

ஸ்விட்ச் 2 பற்றி அண்ணனிடம் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். 2025 ஜூன் 5-இல் அந்தக் கருவி வந்தபோது, 'கேம்-கீ கார்டு' என்ற புதிய வகை கேசட்டும் உடன் வந்தது. அதற்குள் கேம் இல்லை. கேமை இறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. மறுபடி விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்ற அளவில் அது டிஜிட்டலை விட மேல். ஆனால் முதல்முறை இணையம் கட்டாயம், கருவியில் இடமும் தேவை. உறையின் முன்பக்கத்திலேயே சாவிப் படத்தோடு அதற்கான குறிப்பு இருக்கும். கடையில் நிற்கும்போதே அதைப் பார்த்து, சாவிப் படம் இல்லாததாக எடுத்து வரச் சொல்லுங்கள்.

குலசேகரம் மலையோரம்

கருவி வீட்டுக்கு வந்ததும் நல்ல இணையம் இருக்கும் இடத்தில் வைத்து மென்பொருள் அப்டேட்டையும், பழைய டிஸ்க்குகள் ஒவ்வொன்றையும் போட்டு அவற்றுக்கான அப்டேட்டுகளையும் ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள் தம்பி. மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் போலத்தான் மார்த்தாண்டம் பக்கமும் நெட் இருக்கும்.